கடைசி மூன்று கிலோ: இலக்கை நெருங்கும்போது எடை நின்றுபோனால் என்ன செய்வது?

தொடக்கத்தில் மாதம் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று மளமளவென இறங்கிய எடை, இலக்குக்கு மூன்று நான்கு கிலோ மிச்சம் இருக்கும்போது அப்படியே நின்றுவிடும். சாப்பாடும் அதே, நடையும் அதே, மெஷினில் எண்ணும் அதே. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் ஒரு பாதி இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திப் பார்க்கும். மறு பாதி "நம்ம உடம்பு வாகு இவ்வளவுதான்" என்று மொத்தமாகக் கைவிட்டுவிடும். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அளப்பது. இலக்கை நெருங்கியவருக்கு எல்லாமே சின்ன எண்களாகிவிடுகின்றன. நாளுக்கு 100, 150 கலோரி இந்தப் பக்கம் போனால் எடை இறங்கும், அந்தப் பக்கம் போனால் நிற்கும். அந்த அளவைக் கண்பார்வையில் மதிப்பிட யாராலும் முடியாது.

கணக்குக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். வயது 42, பெண், உயரம் 158 செ.மீ. 74 கிலோவில் தொடங்கி 63-க்கு வந்துவிட்டார், இலக்கு 60. கீழே வரும் எண்கள் எல்லாம் இவருக்கானவை. உங்கள் எண்ணை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா?

ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 250 கலோரி குறைவாகச் சாப்பிடுபவருக்கு வாரத்துக்கு 1,750. அதாவது 230 கிராம்கூட முழுதாகக் கரையாது. ஆனால் உடலில் இருக்கும் தண்ணீர் ஒரே வாரத்துக்குள் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். நேற்று இரவு ஹோட்டல் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு கூடினால் காலையில் எடை கூடும். கார்போஹைட்ரேட், உடலில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும்போது கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடுவது பெரும்பாலும் இதனால்தான். மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் தசையில் கட்டும் நீர், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் என்று இன்னும் காரணங்கள் உண்டு. மாதவிலக்கை ஒட்டி மட்டும் சிலருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோவரை கூடிக் குறையும்.

ஆக, 230 கிராம் இறக்கத்தை 1,500 கிராம் ஏற்ற இறக்கம் மூடி மறைக்கிறது. 74 கிலோவில் இருந்தபோதும் இதே தண்ணீர் ஆட்டம் இருந்தது. அப்போது இறக்கம் வேகமாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

எடை பார்க்கும் முறையைத் திருத்துங்கள்:

1. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரியான உடையில் பாருங்கள்.
2. மெஷின் டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மிதியடி, பாய் மேல் வைத்தால் எண் பொய் சொல்லும். பேட்டரி தேய்ந்தாலும் அப்படித்தான்.
3. சில டிஜிட்டல் மெஷின்கள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். சந்தேகம் இருந்தால் இடையில் ஒரு அரிசிப் பையையோ தண்ணீர் கேனையோ வைத்து எடுத்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள்.
4. தினமும் குறித்து, ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுங்கள். அந்தச் சராசரி மட்டுமே உங்கள் எடை.

நம் கணக்குப் பெண்மணியின் ஒரு வாரம் இப்படி இருக்கலாம்: 63.4, 62.9, 63.8, 63.1, 63.0, 62.7, 63.9. சராசரி 63.3. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறிப் பார்ப்பவர் 63.9 என்று நொந்துபோவார், சனிக்கிழமைக்காரர் 62.7 என்று குதிப்பார். இரண்டும் தவறு. மாதவிலக்கு வரும் வயதில் இருப்பவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுற்றின் இதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இன்ச் டேப்பையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் வாரம் ஒருமுறை அளந்தால் போதும். புடவை, பேன்ட் கட்டும் இடத்தில் அளப்பது வேறு அளவு. அதைக் கலக்க வேண்டாம்.

வாரச் சராசரியும் இடுப்பளவும் நான்கு வாரம் அசையவில்லை என்றால்தான் எடை நின்றுவிட்டது என்று சொல்லலாம். பத்து நாள் நகரவில்லை என்பதற்காக எதையும் மாற்றாதீர்கள். எடை நிற்க இடுப்பு குறைந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கணக்கு எங்கே சுருங்கியது

ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரியை மதிப்பிட மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சூத்திரம் போதுமானது: எடையைப் 10-ஆல் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. ஆணானால் 5 கூட்டு, பெண்ணானால் 161 கழி. நம் ஆளுக்கு 74 கிலோவில் இது சுமார் 1,355. இப்போது 63-இல் சுமார் 1,245. உட்கார்ந்த வேலையும் கொஞ்சம் நடையும் இருப்பவருக்கு இதை 1.4-ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு வரும். அன்று 1,900, இன்று 1,745.

அவர் முதல் நாளிலிருந்தே 1,500 கலோரி சாப்பிடுகிறார் என்றால் அன்று பற்றாக்குறை 400, இன்று 245. இதோடு நிற்பதில்லை. எடை குறைந்த உடல் சூத்திரம் சொல்வதைவிட இன்னும் கொஞ்சம் சிக்கனமாக ஓடத் தொடங்கும். ஆளுக்கே தெரியாமல் அசைவும் குறையும்: லிஃப்டுக்காக நிற்பார், உட்கார்ந்தபடியே பிள்ளையைக் கூப்பிடுவார். இவை எல்லாம் சேர்ந்து இன்னொரு 100-ஐத் தின்றுவிட்டால் மிச்சம் 145. மாதத்துக்கு அரை கிலோ. இதற்கு மேல் தோசைக்கல்லில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் கூடினால் பற்றாக்குறை பூஜ்ஜியம்.

பசியும் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்கு 20–30 கலோரி குறைகிறது. சாப்பிடும் உந்துதலோ சுமார் 100 கலோரி கூடுகிறது. "முன்ன மாதிரியேதான் கட்டுப்பாடா இருக்கேன்" என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் அதே அளவு கஷ்டப்படுகிறார், ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு இப்போது கிடைப்பது முன்பைவிடக் குறைந்த கட்டுப்பாடு.

"குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய் எடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்று ஜிம்மிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு பெரிதாகச் சரிந்தது. ஆனாலும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. உடல் சிக்கனமாகும், ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து எடையைக் காப்பாற்றாது. அதிகம் சாப்பிட்டால்தான் இளைக்கும் என்ற அறிவுரையை நம்ப வேண்டாம்.

பதினான்கு நாள் அளந்து எழுதுங்கள்

வழிகாட்டியின் முக்கால் பலன் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், "1,200 கலோரிக்குக் கீழ்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை" என்றவர்களை எடுத்து உண்மையான செலவையும் உணவையும் அளந்தார்கள். அவர்கள் சாப்பிட்டதை ஏறத்தாழ பாதி குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பைப் பாதிக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஏமாற்றும் எண்ணமும் இல்லை. மனிதக் கண் அப்படி.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும். கூடவே 5 மி.லி., 15 மி.லி. அளவுக் கரண்டிகள். வீட்டில் இருக்கும் கரண்டியை நம்ப முடியாது. ஒரு வீட்டு எண்ணெய்க் கரண்டி 10 மி.லி. பிடிக்கும், இன்னொரு வீட்டுக் குழிக்கரண்டி 40 பிடிக்கும்.

அரிசியை வேகவைப்பதற்கு முன் எடை போடுங்கள். 100 கிராம் அரிசி எப்படி வெந்தாலும் சுமார் 350 கலோரிதான். ஆனால் வெந்த சோற்றின் எடை வடித்ததா, குக்கரா, குழைந்ததா என்பதைப் பொறுத்து 250 கிராமிலிருந்து 300-க்கு மேல்கூடப் போகும். ரைஸ் குக்கரோடு வரும் கப் ஒன்று 150 கிராம் அரிசி. குடும்பத்துக்கு மொத்தமாகச் சமைக்கும்போது வெறும் பாத்திரத்தின் எடையை ஒருமுறை பார்த்து அடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். பிறகு சோறோடு எடை போட்டுப் பாத்திரத்தைக் கழித்தால் மொத்தம் தெரியும். உங்கள் தட்டில் விழுந்தது அதில் எத்தனை பங்கு என்பதும் தெரியும்.

குழம்புக்கும் இதே வழி. 100 கிராம் துவரம்பருப்பு 340 கலோரி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 240, காய், புளி, வெங்காயம் சேர்த்து 100. மொத்தம் 680. கொதித்து இறக்கிய சாம்பார் 1,400 கிராம் இருந்தால், நீங்கள் ஊற்றிக்கொண்ட 200 கிராம் சுமார் 100 கலோரி. வத்தக்குழம்பில் இதே அளவு ஊற்றினால் நல்லெண்ணெயால் மட்டும் இரண்டு மடங்கு ஆகலாம்.

எண்ணெய்தான் பெரிய ஒளிவிடம். ஒரு தேக்கரண்டி 40–45 கலோரி, ஒரு மேசைக்கரண்டி 120. செக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எல்லாமே கிராமுக்கு 9 கலோரிதான். "நல்ல கொழுப்பு" என்பதால் கணக்கு குறையாது. நான்கு இட்லி 240 கலோரி. பொடிக்கு ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் இன்னொரு 120. வீட்டுத் தோசை ஒன்றில் மாவு 120 என்றால் சுற்றிலும் விடும் ஒவ்வொரு தேக்கரண்டிக்கும் 45 சேரும். தினமும் அளக்கப் பொறுமை இல்லை என்றால் பாக்கெட்டில் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், 270 கலோரி. இதில் வெளிச் சாப்பாடும் நெய்யும் சேரவில்லை. பொரித்த எண்ணெயில் எவ்வளவு மிச்சம் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தாறுமாறாகும்.

அடுத்தது காபி, டீ. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 விழுக்காடு, நீலத்தில் 3. ஆரஞ்சுப் பாலில் 120 மி.லி. விட்டு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் ஒரு டம்ளர் 145 கலோரி பக்கம். நாளுக்கு மூன்று என்றால் 430. ஒரு வேளைச் சாப்பாடு அது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் கிராமுக்கு வெள்ளைச் சர்க்கரைக்கு அருகில்தான் நிற்கும்.

தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி 55–60. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், 170. மிக்சர் அதே 30 கிராம் 150-ஐத் தாண்டும். பாதாம் பத்து, 70. மேரி பிஸ்கட் ஒன்று 25 என்றாலும் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை.

எழுதாமல் விடுவது எது என்று பார்த்தால் பட்டியல் எப்போதும் ஒன்றுதான்: உப்பு பார்க்க எடுத்த ஒரு கரண்டி, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை, "வீணாகப் போகுதே" என்று வழித்த பாத்திரத்தின் அடி, அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த ஸ்வீட், கோவில் பிரசாதம். வீட்டில் சமைப்பவருக்கு இவை தனி வேளை அளவுக்குச் சேரும். பதினான்கு நாளுக்கு மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வாயில் போடுவதற்கு முன் எழுத வேண்டும், பிறகு அல்ல. விரத நாளையும் எழுதுங்கள். அமாவாசை, கிருத்திகை அன்று "சோறு சாப்பிடல, பலகாரம்தான்" என்று நெய் உப்புமாவும் தோசையும் வடையும் சாப்பிடும் நாள், சாதாரண நாளைவிடக் கனமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு இன்னும் முக்கியம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 250 மிச்சம் பிடித்தால் 1,250. சனி இரவு பரோட்டாவும், ஞாயிறு மதியம் சிக்கன் 65-ஓடு ஒரு பிளேட் பிரியாணியும் சேர்ந்து வழக்கத்தைவிட 1,250 கூடுதலாக ஏறுவது கஷ்டமே இல்லை. ஐந்து நாள் உழைப்பு இரண்டு வேளையில் முடிந்துவிடும். 74 கிலோவில் இருந்தபோது வாரத்துக்கு 2,800 பற்றாக்குறை இருந்ததால் அதே ஞாயிற்றுக்கிழமை தாங்கியது, இப்போது தாங்காது. பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை. 65-ஐயும் குளிர்பானத்தையும் விட்டால் பாதிச் சேதம் குறையும். சனி இரவை வீட்டில் முடித்தால் மீதியும் குறையும்.

எங்கே குறைப்பது

பதினான்கு நாள் குறிப்பு கையில் இருந்தால் குறைக்க வேண்டிய இடம் தானாகத் தெரியும். இலக்கு 200 முதல் 250 கலோரி. அதற்கு மேல் வேண்டாம்; இந்தக் கட்டத்தில் 500 குறைத்தால் மூன்றாம் வாரம் பசி ஜெயிக்கும், தசையும் கரையும். ஓய்வுநிலைச் செலவுக்குக் கீழே, நம் உதாரணத்தில் 1,245-க்குக் கீழே, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போகவே கூடாது.

வயிற்றை நிரப்பாத கலோரியிலிருந்து தொடங்குங்கள். எண்ணெயில் நாளுக்கு இரண்டு தேக்கரண்டி குறைத்தால் 90. ஆரஞ்சுப் பாலிலிருந்து நீலத்துக்கு மாறினால் 300 மி.லி.க்கு 80. மூன்று காபியிலும் சர்க்கரையை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாக்கினால் 60. மொத்தம் 230, தட்டில் ஒரு பருக்கை சோறுகூடக் குறையவில்லை.

பலர் முதலில் செய்வது சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுவது. எண்ணெய் தடவிய இரண்டு சப்பாத்தி 240 கலோரி என்றால் அது 180 கிராம் சோற்றுக்குச் சமம். மாறியதில் லாபம் ஒன்றுமில்லை. சிறுதானியமும் அப்படியே. தினை, சாமை, வரகு எல்லாம் வேகுமுன் 100 கிராமுக்கு அரிசியை ஒட்டியே கலோரி தரும். நார்ச்சத்தால் பசி கொஞ்சம் தாங்கலாம், அவ்வளவுதான். கொள்ளுத் தண்ணீர், சீரகத் தண்ணீர், எலுமிச்சையும் தேனும், கிரீன் டீ இவற்றில் எதுவும் கொழுப்பைக் கரைக்காது. குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், தேனைக் கணக்கில் எழுதிவிட்டு.

புரதம்தான் இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய சத்து. பசியை அடக்குவதும், கரையும் எடையில் தசையின் பங்கைக் குறைப்பதும் அது. இலக்கு எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம்; 60 கிலோவுக்கு 72 முதல் 96. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. சாம்பாரை நம்பினால் இந்த எண் வராது. நீர்க்கச் சாம்பார் ஒரு கரண்டியில் இரண்டு கிராம் புரதம் இருந்தால் அதிகம். ஒரு நாளை இப்படி அடுக்கலாம்: காலையில் இரண்டு முட்டை 12 கிராம், மதியம் கெட்டிப் பருப்பு 40 கிராம் பருப்பில் 9, தயிர் 200 கிராமில் 6, மாலை 40 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் 8, இரவு 30 கிராம் சோயா உருண்டை 15, நாள் முழுதும் 300 மி.லி. பால் 9, சோறு, இட்லி வகையில் 10. கூட்டினால் 70-ஐ நெருங்கும். மீனோ கோழியோ 150 கிராம் எடுத்தால் அது ஒன்றே 30 கிராம். குழம்பில் போடுங்கள், பொரிக்காதீர்கள். முட்டையும் வேண்டாம் என்றால் 75 கிராம் பனீர் 13 கிராம் தரும், ஆனால் 200 கலோரியையும் தரும். இவற்றைப் பழைய சாப்பாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஐம்பது கிராம் அரிசியைக் குறைத்து, 175 கலோரி இடம் உண்டாக்கி, அங்கே வையுங்கள்.

மாற்றிய பிறகு மூன்று முழு வாரம் காத்திருங்கள். ஒரே நேரத்தில் சாப்பாடு, நடை, விரதம் என்று மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நடையும் பளு தூக்கலும்

போனில் கடந்த ஏழு நாளின் காலடிச் சராசரியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள். பலருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். இப்போதுள்ள சராசரிக்கு மேல் 2,000 முதல் 3,000 அடி சேருங்கள். 63 கிலோ ஆளுக்கு அது நாளுக்கு 50–80 கலோரிதான். கேட்கச் சிறிதாக இருந்தாலும் மொத்தப் பற்றாக்குறையே 145 என்று இருக்கும்போது இது பெரிய பங்கு. பத்தாயிரம் என்ற எண்ணுக்காக மனம் நோக வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணியின் பெயரிலிருந்து பரவியது அது.

கைக்கடிகாரம் "320 கலோரி எரித்தீர்கள்" என்று காட்டுவதைச் சாப்பாட்டில் ஈடுகட்டாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரி கணக்கில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது; மிக மோசமானது 93 விழுக்காடு.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு, தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முதுகுப் பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக் குனிந்து நின்று இழுப்பது: இந்த நான்கும் வீட்டுக்குப் போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு சுலபமாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். 30 தடவை செய்வதால் பயன் கூடாது. தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் மெஷினில் அரை முதல் ஒரு கிலோ கூடலாம். தசையில் கட்டிய தண்ணீர் அது. அந்த வாரங்களில் டேப்பை நம்புங்கள்.

தூக்கம் குறைந்தால் இவை எல்லாம் பாதி பலன்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஒரே அளவு சாப்பிட்டவர்கள் 8.5 மணி நேரம் படுக்கையில் இருந்தபோதும் 5.5 மணி நேரம் இருந்தபோதும் ஒரே எடைதான் குறைந்தார்கள். ஆனால் தூக்கம் குறைந்தபோது போனதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே சரிந்தது, தசை அதிகம் போயிற்று.

இடையில் இரண்டு வாரம் நிறுத்துவது

நான்கு மாதத்துக்கு மேல் இடைவிடாமல் குறைத்துச் சாப்பிட்டு வருபவருக்கு எரிச்சல், எப்போதும் சாப்பாட்டு நினைப்பு, குளிர், சோர்வு தெரிந்தால், மேலும் குறைப்பதைவிட இரண்டு வாரம் எடை நிற்கும் அளவுக்குச் சாப்பிடுவது நல்லது. நம் ஆளுக்கு அது 1,650 முதல் 1,750. கூட்டுவது சோறு, பழம், பருப்பாக இருக்கட்டும். "இடைவேளை" என்று இனிப்புக் கடைக்குள் நுழைவதற்கு அனுமதி இல்லை. முதல் நான்கு நாளில் அரை முதல் ஒரு கிலோ கூடும், கலங்க வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு சேரச் செலவுக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் குறைப்பு, இரண்டு வாரம் நிறுத்தம் என்று மாறிமாறிச் செய்த பருமனான ஆண்கள் தொடர்ந்து குறைத்தவர்களைவிட அதிகம் இளைத்தார்கள். உடற்பயிற்சி செய்பவர்களிடம் பிறகு நடந்த ஆய்வில் கொழுப்புக் குறைவில் வித்தியாசம் இல்லை, பசி மட்டும் குறைந்தது. கடைசி மூன்று கிலோவுக்கு அந்தப் பசிக் குறைவே போதுமான காரணம்.

மருத்துவரிடம் போக வேண்டிய இடங்கள்

பதினான்கு நாள் நேர்மையாக அளந்து, குறைத்து, ஆறு வாரம் கழிந்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டிஎஸ்எச் பாருங்கள். ஆனால் தைராய்டு குறைவால் கூடும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரைகளையும் கேளுங்கள்: இன்சுலின், கிளிமெபிரைடு, ஸ்டீராய்டு, வால்ப்ரோயேட், ஒலான்சபின், மிர்டாசபின், ப்ரோப்ரனலால் ஆகியவை எடையைக் கூட்டலாம் அல்லது இறங்கவிடாமல் தடுக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் மருந்தின் அளவைப் பேசியே ஆக வேண்டும், சர்க்கரை தாழ்ந்து மயங்கும் ஆபத்து உண்டு. கால் வீங்குவது, மூச்சு வாங்குவது இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். மாதவிலக்கு நின்றுபோவது, கொத்தாக முடி கொட்டுவது, எழுந்தால் தலைசுற்றுவது எல்லாம் குறைப்பை உடனே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

இலக்கு எடையை எப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். கல்யாணத்தின்போது இருந்த எடை, தோழியின் எடை, முழு எண்ணாக இருப்பதால் பிடித்த எடை: இவை எதுவும் உடலைக் கேட்டு வந்தவை இல்லை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். இடுப்பளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. நம் ஆள் 63-இல் 25.2-இல் இருக்கிறார், 60-க்கு வந்தால் 24. குறைப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அவரே 60-ஐத் தொட்டு, இடுப்பு 78 ஆகி, சர்க்கரை, ரத்த அழுத்தம் சீராகி, பிறகு 55 வேண்டும் என்று நாளுக்கு 1,200-இல் பிழைப்பதற்கு மருத்துவக் காரணம் இல்லை. ஓர் எடையைத் தக்கவைக்க நிரந்தரமாக அரைப்பட்டினி வேண்டும் என்றால் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். "முகமே வாடிப்போச்சு" என்று உறவினர்கள் சொல்வது ஒரு பொருட்டல்ல. டேப்பும் ரத்தப் பரிசோதனையும் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டிய பிறகு

60 வந்த அன்றே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று மாதத்தில் 63. நாளுக்குச் சாப்பிடும் அளவில் ஒவ்வொரு வாரமும் 100 கலோரி மட்டும் கூட்டுங்கள்; ஒரு கப் தயிர், கொஞ்சம் சோறு, ஒரு பழம் என்ற அளவில். சராசரி இரண்டு வாரம் நிலைத்தால் அதுதான் உங்கள் அளவு. நம் ஆளுக்கு அது 1,600-க்கும் 1,700-க்கும் இடையில் எங்காவது அமையும், 74 கிலோவில் சாப்பிட்ட 1,900-க்கு ஒருபோதும் போகாது. முதல் வாரத்தில் ஏறும் அரை கிலோ தண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மேல் வரம்பு ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள்: இலக்குக்கு மேல் ஒன்றரை கிலோ, அதாவது 61.5. வாரச் சராசரி தொடர்ந்து இரண்டு வாரம் அதைத் தாண்டினால் எண்ணெய், பால், சர்க்கரை மூன்றையும் மறுபடி பழைய குறைப்புக்குக் கொண்டுபோங்கள். அளந்து எழுதுவதையும் பத்து நாள் தொடங்குங்கள். தீபாவளி, பொங்கல், கல்யாண வாரங்களில் வரும் எண்ணை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதற்கு அடுத்த வாரத்தின் சராசரியைப் பாருங்கள்.